கிணற்றை முதலில் அளந்து வைக்க வேண்டும்: ஷேல் எரிவாயு விவாதமும் வன்னியும்

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் வளவில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் இது. அப்போது வன்னிக்குள் பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைக்கும். தோட்டத்துக்கு இறைக்கும் மெஷினைச் சில சொட்டுப் பெற்றோலில் இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். மெஷின் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒரு நாள் அதன் தாங்கியில் வெடிப்பு விழுந்து, இரவோடு இரவாக ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஒழுகி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. காலையில் வாளியைத் தூக்கினால் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். இறைத்து ஊற்றினோம். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தோம். மாரி மழை வந்து கிணறு மேலே ஏறிய பிறகும் தேநீரில் மண்ணெண்ணெய் மணத்தது. அடுத்த வருடம்தான் அம்மா அந்தக் கிணற்றில் குடிக்க அள்ளினார். அதுவரை நானும் தங்கச்சியும் பக்கத்து வளவிலிருந்து குடம் சுமந்தோம்.

ஒரு போத்தலுக்கு ஒரு வருடம். ஆழத்துக் களிப்பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எரிவாயு பற்றி எதை வாசித்தாலும் எனக்குள் முதலில் ஓடுவது இந்தக் கணக்குத்தான்.

போன சிறுபோகத்துக்கு முன் முழங்காவில் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உர மானியத்தில் தொடங்கிய பேச்சு எப்படியோ மன்னார்க் கடல் எரிவாயுவில் வந்து நின்றது. முன்வரிசையில் இருந்த ஓர் ஐயா எழுந்தார். "தம்பி, அமெரிக்காவில பைப்பைத் திறந்து நெருப்புக்குச்சியைக் காட்ட தண்ணி பத்தி எரியிற வீடியோ ஒண்டு பேரன் காட்டினவன். மன்னாரில காஸ் எடுக்கத் தொடங்கினா எங்கட கிணறும் அப்பிடித்தானோ?" என்று கேட்டார். அங்கே இரண்டு வசனத்தில் பதில் சொன்னேன். அது போதவில்லை என்று வரும் வழியெல்லாம் மனது அரித்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மன்னார் வளைகுடாவில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த டொராடோ, பராகுடா என்ற இரண்டும் ஷேல் வாயு அல்ல. 1,300 மீற்றருக்கும் மேல் ஆழமான கடலின் தரைக்குக் கீழே, மணற்கல்லின் நுண்துளைகளில் தேங்கிக் கிடக்கும் வழமையான வாயு அது. நிறுவனம் 2015இல் விலகிவிட்டது, வாயு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அதற்கும் முன், 1970களில், சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டு எண்ணெய் தேடினார்கள். வணிகத்துக்குத் தேறும்படி எதுவும் அகப்படவில்லை.

வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தவரை அதன் பெரும் பகுதி கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இலங்கையின் அடிப்பாறைகளைப் புவியியலாளர்கள் பிரிக்கும்போது அதில் ஒரு பிரிவுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர். பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய மிகப் பழைய பாறை அது, அதற்குள் எரிவாயு தங்காது. மன்னார்க் கரையிலிருந்து முழங்காவில், பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கும், வடகிழக்கே முல்லைத்தீவுக் கரைக்கும் போகும் பட்டையில்தான் சுண்ணக்கல் படிவு இருக்கிறது. அங்கே கிடைக்கும் பெறுமதியான பொருள் தண்ணீர். ஆக, ஷேலுக்காக வன்னியில் துளையிட யாரும் வந்து நிற்கவில்லை. ஐயா நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்படியானால் நாம் ஏன் இதைப் பேச வேண்டும்? 2021 செப்டெம்பரில் கெரவலப்பிட்டி மின்நிலையத்துக்குத் திரவ எரிவாயு கொண்டுவர அரசு ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, நாடே அதைப் பற்றிச் சண்டை பிடித்தது நினைவிருக்கும். அமெரிக்காவிலிருந்து கப்பலேறும் திரவ எரிவாயுவில் பெரும்பங்கு ஷேல் பாறையிலிருந்து வருவது. எங்கள் மின்குமிழ் எரிவதற்கும் எங்கேயோ ஒரு பென்சில்வேனியக் கிராமத்துக் கிணற்றுக்கும் இப்படித் தொடர்பு வந்துவிடலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் கிராமத்து மக்கள் பட்ட பாட்டில், மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நாளை எந்தத் திட்டம் வந்தாலும் நாம் செய்து வைக்க வேண்டிய ஒரு வேலை தெரிகிறது. அந்த வேலைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஷேல் என்றால் என்ன? கொக்கிளாய்க் களப்பில், கண்டல் மரங்களுக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தக் கறுப்புச் சேறு தெரியும். கால் புதையும், அழுகல் மணம் அடிக்கும், மிதித்த இடத்தில் குமிழி குமிழியாக வாயு வரும். இலையும் பாசியும் மீனும் காற்றுப்படாமல் அழுகியதால் வரும் வாயு அதில் இருக்கிறது, எரிவாயுவின் பெரும்பகுதியான மீதேனும் சேர்ந்துதான். அப்படியான சேறு கோடிக்கணக்கான வருடங்கள் மேலும் மேலும் மண் மூடி, அழுந்தி, தகடு தகடாக இறுகினால் அதுதான் ஷேல், களிப்பாறை. வாயு அதற்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். மணற்கல்லில் வாயு துளைகளுக்கூடாக ஓடி வரும். களிப்பாறையிலோ ஓட வழியில்லை. சும்மா துளை போட்டால் ஒன்றும் வராது.

வழியை உண்டாக்கினால் வரும் என்பது பழைய யோசனை. 1947இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹூகோட்டன் வயலில் முதன்முதலாகத் திரவத்தை அழுத்தி ஏற்றிப் பாறையைப் பிளந்து பார்த்தார்கள். ஆனால் ஷேலில் அதைக் கட்டுப்படியாகும் விலைக்குச் செய்து காட்டியவர் டெக்சாஸ்காரரான ஜோர்ஜ் மிட்செல். கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தின் மகன். பார்னெட் என்ற களிப்பாறைப் படுகையில் 1981 முதல் விடாமல் முயன்று, 1998 அளவில் அவருடைய ஆட்கள் பசைபோன்ற விலையுயர்ந்த திரவத்தை விட்டுவிட்டு, வழுக்கும் மருந்து சிறிது கலந்த தண்ணீரையும் மணலையும் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள். துளையைக் கீழே போய்ப் பக்கவாட்டில் திருப்பும் நுட்பமும் அதனோடு சேர்ந்தது. அடுத்த 10 வருடங்களில் அமெரிக்காவின் எரிவாயுக் கணக்கே மாறிப்போயிற்று. 2018இல் கச்சா எண்ணெய் உற்பத்தியிலும் அந்த நாடு உலகில் முதலாவதாக வந்தது.

வேலை நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் குழாய்க்கிணற்றை நினைத்தால் போதும். மெஷின் வந்து நிற்கிறது. மேல் மண் தீரும் வரை பிவிசி பைப்பை இறக்குகிறார்கள், பாறை தட்டியதும் பைப்பை நிறுத்திவிட்டு வெறுந்துளையாகக் கீழே போகிறார்கள். பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைச் சரியாக அடைக்காவிட்டால் மாட்டுத் தொழுவத்து நீரும் மலகூடக் குழி நீரும் பைப்பின் வெளிப்பக்கமாகவே வழிந்து கீழே போய்விடும். தண்ணீரைச் சோதிக்க வரும் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் பார்ப்பது அந்த வாய்ப்பகுதியைத்தான்.

ஷேல் கிணறும் அப்படித்தான். அளவு மட்டும் வேறு. 2 கிலோமீற்றர் கீழே போய், அங்கிருந்து பக்கவாட்டில் இன்னும் 2, 3 கிலோமீற்றர். உருக்குக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும், நடுவில் சீமெந்து ஊற்றுவார்கள். பிறகு அடியில் குழாயில் துளையிட்டு, பெரும் அழுத்தத்தில் தண்ணீரையும் மணலையும் ஏற்றினால் பாறை வெடித்து மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும். தண்ணீர் திரும்பினாலும் மணல் பிளவுகளுக்குள் நின்று அவை மூடாமல் தாங்கும். வாயு அந்த வழியாக வரும். ஆனால் முதல் வருடத்திலேயே வரத்துப் பாதிக்கும் மேல் குறைந்துவிடும், ஒரு கிணற்றின் உற்பத்தி அப்படி வேகமாக விழும். அதனால் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று துளையிட்டுக்கொண்டே போக வேண்டும். பென்சில்வேனியாவில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷேல் கிணறுகள்.

எதிர்ப்பாளர்கள் முதலில் தூக்கிப் பிடிப்பது தண்ணீரின் அளவை. ஒரு கிணற்றை ஒருமுறை பிளக்க ஏறக்குறைய 2 கோடி லீற்றர், இடத்துக்கு இடம் கூடக் குறைய. கேட்டதும் நெஞ்சு திக்கென்கிறது. 10 ஆயிரம் லீற்றர் பவுசர் என்றால் 2,000 தடவை வர வேண்டும். ஆனால் நம்முடைய அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2 கோடி லீற்றர் என்பது 16 ஏக்கர் அடி, அதாவது 16 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்குக் குளத்திலிருந்து 4, 5 ஏக்கர் அடி திறந்துவிடுகிறோம். ஆக ஒரு ஷேல் கிணறு குடிப்பது 3, 4 ஏக்கர் வயல் குடிக்கிற தண்ணீர். இரணைமடுக் குளம் நிரம்பினால் ஒரு லட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் பிடிக்கும். அளவை மட்டும் வைத்து வாதாடினால் ஒரு நெற்செய்கைக்காரன் முன்னால் அந்த வாதம் நிற்காது. கிணறுகள் ஆயிரக்கணக்கில் போனால், அதுவும் வறண்ட வருடத்தில், கதை மாறும். இருந்தாலும் என் பயம் அங்கே இல்லை.

வயலுக்கு விட்ட தண்ணீர் ஆவியாகும், ஊறும், வாய்க்காலில் வடிந்து கீழ்க் குளத்துக்குப் போகும், மாரியில் மழையாக வரும். பாறைக்குள் ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். திரும்பி வருவது நாம் அனுப்பிய தண்ணீராக இருக்காது. அனுப்பும்போதே அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் இரசாயனங்கள்: உராய்வைக் குறைப்பது, கிருமி கொல்வது, குழாயில் படிவு கட்டாமல் காப்பது. அரைப் பங்குதானே என்று நிறுவனங்கள் சொல்லும். 2 கோடி லீற்றரில் அரைப் பங்கு ஒரு லட்சம் லீற்றர், 10 பவுசர். திரும்பி வரும்போது ஆழத்துப் பாறையின் உப்பும் சேர்ந்துவிடும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் படுகையில் அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளும் கலந்தது. ஆரம்ப வருடங்களில் அதை நகரங்களின் சாதாரணக் கழிவுநீர் நிலையங்களுக்கு அனுப்பி ஆறுகளில் விட்டார்கள். 2011இல்தான் மாநில அரசு நிறுத்தச் சொன்னது.

அந்த நீரை எங்கே விடுவது என்பதற்கு ஓக்லஹோமா வேறொரு வழி பார்த்தது. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரை இன்னும் ஆழமான பாறைக்குள் ஏற்றினார்கள். பழைய நிலப்பிளவுகள் வழுக்கத் தொடங்கின. 2009க்கு முன் 3 ரிக்டருக்கு மேற்பட்ட நடுக்கம் வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்த மாநிலத்தில், 2015 ஒரே வருடத்தில் ஏறக்குறைய 900. 2016 செப்டெம்பரில் போனி நகரத்தருகே 5.8 அளவில் ஒன்று. ஏற்றும் நீரைக் குறைக்க உத்தரவிட்ட பிறகு நடுக்கமும் குறைந்தது. இங்கிலாந்தில் பிளாக்பூல் அருகே நடந்தது இதிலிருந்து வேறு, அங்கே பாறையைப் பிளக்கும் வேலையே 2011இலும் 2019இலும் சிறு நடுக்கங்களைக் கொண்டுவந்தது, 2019 நவம்பரில் அரசு வேலையை நிறுத்திவைத்தது. 2022இல் பிரதமர் லிஸ் டிரஸ் அந்தத் தடையை நீக்கினார், அடுத்து வந்த ரிஷி சுனக் சில வாரங்களிலேயே மறுபடி போட்டார்.

சரி, எரியும் தண்ணீருக்கு வருவோம். ஐயா கேட்டது அதைத்தான்.

பென்சில்வேனியாவில் டிமோக் என்ற சிறிய கிராமம். 2009 புத்தாண்டு நாளில் அங்கே ஒரு வீட்டின் கிணற்றுக்குள் சேர்ந்திருந்த மீதேன் வெடித்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் வாயு. அந்த நேரத்தில்தான் அயலில் எரிவாயுக் கிணறுகள் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் நிறுவனத்தைக் காட்டினார்கள். இந்தப் பகுதியில் தண்ணீரில் மீதேன் இருப்பது பழைய கதை, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்றது நிறுவனம். கவனியுங்கள், அது முழுப் பொய் இல்லை. அந்த வட்டாரத்தில் இயற்கையாகவே மீதேன் ஊறும் கிணறுகள் இருந்தன. எந்தக் கிணற்றில், எவ்வளவு, எப்போதிருந்து என்று சொல்வதற்குத்தான் ஆளில்லை. துளையிடும் முன் யாரும் ஒழுங்காக அளந்து வைக்கவில்லை.

2011இல் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த வட்டாரத்தில் 68 குடிநீர்க் கிணறுகளை எடுத்துப் பார்த்தார்கள். எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீற்றருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீதேன் சராசரியாக 17 மடங்கு அதிகம். அதே நேரத்தில் பாறையைப் பிளக்கும் இரசாயனத் திரவம் கிணறுகளில் கலந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் இந்த ஆய்வைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துப் பேசியது. 2014இல் வந்த தொடர் ஆய்வு முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. வாயு 2 கிலோமீற்றர் பாறையைக் கிழித்துக்கொண்டு மேலே வரவில்லை, துளையைச் சுற்றிய சீமெந்திலும் குழாயிலும் இருந்த குறைகள் வழியாகவே வந்திருக்கிறது. நம் குழாய்க்கிணற்றின் பைப்புக்கு வெளியே இருக்கும் அந்த விரலளவு இடைவெளிதான் அங்கேயும் பிழை விட்டது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகமையும் இதே இடத்துக்குத்தான் வந்தது. 2015 வரைவில் பரவலான பாதிப்புக்குச் சான்று காணவில்லை என்று எழுதியிருந்த வசனத்தை, போதிய தரவு இல்லை என்று விமர்சனம் வர, 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் எடுத்துவிட்டது. சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்படலாம் என்பதே அதன் முடிவு.

டிமோக் வழக்கு முடிய 2022 நவம்பர் ஆயிற்று. நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குப் புதிய நீர்க்குழாய் போடப் பணம் கொடுக்க இணங்கியது. வெடிப்பு நடந்து கிட்டத்தட்ட 14 வருடம். அதற்குள் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை சாதாரணதரம் படிக்கும் வயதை நெருங்கியிருக்கும்.

நடுவில் பென்சில்வேனியா சட்டத்தில் ஒரு மாற்றம் நடந்தது, அது உலகச் செய்திகளில் அதிகம் பேசப்படவில்லை. 2012இன் 13ஆம் இலக்கச் சட்டப்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர் ஓராண்டுக்குள் கெட்டால், அதைக் கெடுத்தது நிறுவனம்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிக்கும்? துளையிடும் முன் எடுத்த தண்ணீர்ச் சோதனையைக் காட்டித்தான். ஒரே சட்டப் பிரிவால் நிறுவனங்களே வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுக்கும் நிலை வந்தது. இந்த விவாதம் முழுவதிலும் நான் வாசித்ததில் சாதாரண மனிதனுக்கு மிக உதவியாக நடந்த காரியம் இது என்பேன்.

எதிர்த் திசையில் போன சட்டமும் உண்டு. 2005இன் எரிசக்திச் சட்டம், டீசல் கலக்காதவரை, பாறைக்குள் திரவம் ஏற்றும் வேலையை நாட்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. என்ன மருந்து கலக்கிறீர்கள் என்று கேட்டால் அது வியாபார இரகசியம் என்று பதில் வந்தது. நியூயோர்க் 2014இல் தடை விதித்தது, பிரான்ஸ் 2011இலேயே. பல்கேரியா, ஜெர்மனி என்று பட்டியல் நீளும்.

ஷேல் வேண்டும் என்பவர்களின் பக்கத்தை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியாது. வெளிச்சம் இல்லாமல் வாழ்ந்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து, அதை நனைக்கும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கொளுத்திப் படித்த தலைமுறை எங்களுடையது. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் வரும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது தெற்கில் இருந்தவர்கள் முதன்முறையாக அனுபவித்ததை, நாங்கள் வருடக்கணக்கில் பார்த்திருந்தோம். எரிசக்தி வேண்டாம் என்று வன்னியில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிலக்கரியோடு ஒப்பிட்டால் எரிவாயு சுத்தமானது என்பதும் உண்மை. ஒரே அளவு மின்சாரத்துக்கு ஏறக்குறைய பாதிக் கார்பன்தான் வெளிவரும். கரித்தூளும் சாம்பலும் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மின்துறையின் கார்பன் வெளியீடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. காற்றாலைகளின் பங்கும் அதில் இருக்கிறது, ஆனால் நிலக்கரியை வெளியே தள்ளியதில் மலிவான ஷேல் வாயுவின் பங்கு பெரிது.

இதில் ஒரு முக்கியமான 'ஆனால்' உண்டு. எரிந்தால்தான் பாதிக் கார்பன். எரியாமல் கசிந்தால் அது மீதேன், 20 வருடக் கணக்கில் கார்பன் டை ஒக்சைட்டைவிட 80 மடங்குக்கும் மேல் சூட்டைப் பிடிக்கும். கோர்னெல் பல்கலைக்கழகத்து ரொபர்ட் ஹோவர்த் 2011இல் இந்தக் கசிவைக் கணக்கில் எடுத்தால் ஷேல் வாயு நிலக்கரியைவிட மோசமாகலாம் என்று எழுதியபோது அவரைப் பலர் தாக்கினார்கள். 2018இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு அமெரிக்க எரிவாயுவில் 2.3 வீதம் கசிகிறது என்று அளந்து சொன்னது. அரசாங்கக் கணக்கைவிட அது 60 வீதம் அதிகம். ஹோவர்த் சொன்ன அளவுக்கு மோசம் இல்லை, நிறுவனங்கள் சொன்ன அளவுக்கு நல்லதும் இல்லை. ஆகாயத்திலும் அதே கதைதான், கருவியைக் கொண்டுபோய் அளக்கும் வரை ஆளுக்கொரு எண்.

நமக்குப் பக்கத்துத் தமிழ்நாட்டில் இந்த விவாதம் வேறு உருவில் நடந்தது. அங்கே மன்னார்குடிப் பகுதியில் வந்தது நிலக்கரிப் படுகை மீதேன் திட்டம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அதற்கெதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும், எடுக்க விடமாட்டோம் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. மீதேன், ஹைட்ரோகார்பன், ஷேல் என்று மூன்று சொற்களும் அங்கே மேடைப் பேச்சில் ஒன்றாகக் கலந்தன, அந்தக் கலவைதான் கைத்தொலைபேசி வழியாக இங்கேயும் வந்து சேர்ந்தது. பெயர்கள் குழம்பினாலும் நெடுவாசல்காரர்கள் கேட்ட அடிப்படைக் கேள்வி குழம்பவில்லை: எங்கள் நிலத்தடித் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

வன்னியில் அந்தக் கேள்வி இன்னும் கடினமானது. அமெரிக்காவில் நிலத்துக்குக் கீழே இருப்பதும் பொதுவாக நிலத்துக்காரனுக்கே சொந்தம். கையெழுத்துப் போட்டால் பென்சில்வேனியாவில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு உரிமைத்தொகை வீட்டுக்கு வரும். டிமோக்கிலேயே காசு வந்தவர்கள் ஆதரவு, தண்ணீர் கெட்டவர்கள் எதிர்ப்பு என்று ஊர் இரண்டானது அதனால்தான். இலங்கையில் நிலத்தடி எண்ணெயும் வாயுவும் அரசுக்குரியவை, 2021இன் பெற்றோலிய வளச் சட்டம் அதை ஆள்கிறது. நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு மேல் நிலமே அனுமதிப்பத்திரக் காணி, உறுதி இல்லை. போரில் அந்தப் பத்திரமும் தொலைந்தவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துக் கேட்டு யாரும் வாசலுக்கு வரப்போவதில்லை. பங்கும் இல்லை, பேரம் பேசும் பலமும் இல்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். அரிவு வெட்டு நேரத்தில் அந்த 30 நாள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015இல் பெரிதாக வெடித்தது. எண்ணெய் இருக்கிறதா, எவ்வளவு, எங்கிருந்து என்று ஆய்வுக்கு ஆய்வு சர்ச்சை. சனம் பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த மின்நிலையம் வருவதற்கு முன் அந்தக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்த தாள்கள் வீட்டுக்கு வீடு இருந்திருந்தால் அந்தச் சர்ச்சையில் பாதி முளைத்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

வன்னித் தண்ணீரில் வேறு சிக்கலும் உள்ளது. கல்லுத் தண்ணீர், புளோரைட், உவர். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குக் காரணம் தண்ணீரா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலா என்று இன்னும் விவாதம் போகிறது. நாளைக்கு மன்னாரில் இல்மனைற்றுக் கனிம மணல் அகழ்ந்தாலும், காற்றாலைக்கு ஆழ அத்திவாரம் போட்டாலும், கடல் வாயுவைக் கரைக்குக் கொண்டுவந்தாலும், ஏதாவது பிழைத்தால் வரப்போகும் முதல் பதில் நமக்குத் தெரியும்: உங்கள் தண்ணீர் முதலே அப்படித்தானே. டிமோக்கில் சொன்ன அதே பதில். 2025இல் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் நாட்கணக்கில் உட்கார்ந்தபோது அவர்கள் கையில் கோரிக்கை இருந்தது, துணிவு இருந்தது. தண்ணீர்ச் சோதனைத் தாள்களும் கட்டாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு மனது அடித்துக்கொண்டது.

மீள்குடியேறி வந்த நாட்களில் கண்ணிவெடி அகற்றியவர்களைப் பார்த்திருக்கிறோம். சிவப்புத் தலை வைத்த கட்டைகளை நட்டு, சதுர மீற்றர் சதுர மீற்றராக நிலத்தைத் தடவி, கடைசியில் இந்தக் காணி துப்புரவு என்று எழுதிக் கையளித்தார்கள். அந்தக் கடதாசியை நம்பித்தான் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட்டோம். நிலத்துக்கு அவ்வளவு பொறுமையாக அளந்த ஊரில், தண்ணீருக்கு ஒரு கடதாசியும் இல்லை.

கூட்டம் நடந்து இரண்டு வாரம் கழித்து ஐயாவின் வீட்டுக்குப் போனேன். கட்டுக் கிணறு, நல்ல நிழல். உட்பக்கச் சுவரில் ஆணியால் கீறிய கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்ற குறி. 2014இன் கோடு ஆக அடியில், 2017இனது அதற்குச் சற்று மேலே. "மட்டம் எழுதி வைச்சிருக்கிறன். உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு எழுத எனக்குத் தெரியாதே, தம்பி" என்றார்.

நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் வாங்கி வந்த போத்தலைக் கிணற்று நீராலேயே கழுவாமல், அவர்கள் சொன்னபடி நேரே நிரப்பினோம். ஒட்டுத்தாளில் திகதி, நேரம், கிணற்றின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாம் ஐயாவே தன் கையெழுத்தில் எழுதினார். ஆய்வறிக்கை வந்ததும் பிரதி எடுத்து ஒன்றைச் சங்கத்துக் கோப்பில் போடச் சொன்னார். அந்தக் கோப்பில் இப்போது 11 கிணறுகளின் தாள்கள் இருக்கின்றன. முழங்காவிலில் இன்னும் எவ்வளவோ கிணறுகள்.